உப்புத் தண்ணி ஊரில் உப்பு குளோரினேட்டர்: வாங்கலாமா?

கோயமுத்தூர், பொள்ளாச்சி, திருப்பூர்ப் பக்கம் பல வீடுகளில் இரண்டு குழாய் இருக்கும். ஒன்றில் நல்ல தண்ணி, இன்னொன்றில் உப்புத் தண்ணி. போர் தண்ணியைத்தான் உப்புத் தண்ணி என்கிறோம். அதில் பெரும்பாலும் இருப்பது கால்சியமும் மெக்னீசியமும். உப்பு குளோரினேட்டர் என்பது நீச்சல் குளத்துத் தண்ணியில் கரைத்த உப்பிலிருந்து கரண்ட் மூலம் குளோரின் செய்யும் கருவி. அது கேட்கும் உப்போ சமையலுக்குப் போடும் சோடியம் குளோரைடு. பேர் ஒன்றாக இருப்பதால், "எங்க தண்ணியே உப்புத்தானுங்க, இதுல எதுக்கு மூட்டை மூட்டையா கொட்டோணும்?" என்று கேட்கிறார்கள். சோடியம் குளோரைடு இந்தக் கருவிக்குத் தீனி. கால்சியம் அதைத் தின்கிற கறையான். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டு வாங்கியவருக்குக் கருவி நன்றாக ஓடும். புரியாமல் வாங்கியவர் இரண்டே வருடத்தில் செல்லை, அதாவது குளோரின் உண்டாகும் பாகத்தை, மாற்றிக்கொண்டிருப்பார்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது மணிக்கு 25 கிராம் குளோரின் தரும் வீட்டு வகை. சுவரில் ஒரு கன்ட்ரோலர் பெட்டி. ஃபில்டரைத் தாண்டி, பூலுக்குத் திரும்பிப் போகும் பைப்பில் ஒரு செல். செல்லுக்குள் ருத்தேனியம் ஆக்சைடு பூசிய டைட்டானியம் ப்ளேட்கள். பல கம்பெனிகள் விற்றாலும் உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான், அதனால் மதிப்பீடும் வகைக்குத்தான். கணக்கு போட ஒரு தோட்டத்து வீட்டுப் பூலை வைத்துக்கொள்வோம்: 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம். மொத்தம் 60,000 லிட்டர்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் நிரப்பும் தண்ணியின் கால்சியம் கடினத்தன்மை 300 பிபிஎம்முக்குள் (ஒரு பிபிஎம் என்றால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். 300க்கும் 600க்கும் நடுவில் இருந்தால், பூலுக்கு விடும் தண்ணிக்குக் கால்சியத்தை நீக்கும் ஒரு சாஃப்ட்னர் வைத்துவிட்டு வாங்குங்கள். 600க்கு மேல் போனால், தண்ணிக்கு வழி பண்ணாமல் கருவியில் பணம் போடவே வேண்டாம். விலை கூடுதலான மாடலை வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

எத்தனை கிராம் செல்?

25 கிராம் செல் 8 மணி நேரம் ஓடினால் 200 கிராம் குளோரின். 60,000 லிட்டருக்கு அது 3.3 பிபிஎம். 15 கிராம் செல் என்றால் அதே நேரத்தில் 2 பிபிஎம்தான். மார்கழியில் 2 பிபிஎம் போதும். சித்திரை வெயிலுக்குப் போதாது. சின்னச் செல்லை வாங்கி 14 மணி நேரம் ஓட்டுவதைவிடப் பெரிய செல்லை வாங்கிக் குறைவாக ஓட்டுவது மேல். பம்ப் கரண்டும் மிச்சம், செல்லுக்கும் ஆயுசு கூடும். செல் ஆயுசை மணிக்கணக்கில்தான் சொல்வார்கள். வழக்கமாகச் சொல்லும் 10,000 மணி நேரத்தை நாளைக்கு 8 மணி என்று வகுத்தால் சுமார் மூன்றரை வருடம்.

வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் சயனூரிக் ஆசிட்டைப் போடாமல் இந்தக் கருவியைக் குறை சொல்வது நியாயமில்லை. திறந்தவெளிப் பூலில் நேர் வெயில் விழுந்தால், செல் பகலெல்லாம் செய்த குளோரினை வெயில் சாயங்காலத்துக்குள் காலி பண்ணிவிடும். உப்புப் பூலுக்கு 60 முதல் 70 பிபிஎம் வரை சயனூரிக் வேண்டும். நம் கணக்குப் பூலுக்கு 3.6 கிலோ போட்டால் 60 வரும். ஒரு காட்டன் சாக்ஸில் கட்டி, தண்ணி திரும்பி வரும் வாய்க்கு முன்னால் தொங்கவிடுங்கள். கரைய ஒன்றிரண்டு நாள் ஆகும். அதற்குப் பிறகு குளோரின் 3 முதல் 4 பிபிஎம்மில் நிற்க வேண்டும்.

குளோரின் மாத்திரையோடும் பவுடரோடும் ஒப்பிட்டால் இந்தக் கருவியின் பலம் தெரியும். டிசிசிஏ (டிரைகுளோரோ ஐசோசயனூரிக் ஆசிட்) மாத்திரை 10 பிபிஎம் குளோரின் கொடுக்கும்போது கூடவே 6 பிபிஎம் சயனூரிக்கையும் சேர்த்துவிடுகிறது. நாளைக்கு 3.3 பிபிஎம் வீதம் 100 நாள் போட்டால் சயனூரிக் 200 ஏறிவிடும். அப்புறம் குளோரின் இருந்தும் பாசி பிடிக்கும், பாதித் தண்ணியை மாற்ற வேண்டி வரும். கால்சியம் ஹைப்போகுளோரைட் பவுடர் அதே 10 பிபிஎம்முக்கு 7 பிபிஎம் கால்சியத்தைச் சேர்க்கும். ஏற்கெனவே கால்சியத்தில் முங்கிக் கிடக்கிற ஊருக்கு அது தேவையா? உப்பு குளோரினேட்டர் இரண்டையும் சேர்ப்பதில்லை. கொங்கு நாட்டுத் தண்ணிக்கு இதுதான் அதன் பெரிய நன்மை. கண் எரியாது, முடி காயாது என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

உப்பு

பெரும்பாலான செல்களுக்கு 3,000 முதல் 4,000 பிபிஎம் வரை வேண்டும். உங்கள் மாடலின் புத்தகத்தில் உள்ள எண்ணையே பின்பற்றுங்கள். 3,500 என்று வைத்தால் 60,000 லிட்டருக்கு 210 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை நான்குக்குச் சற்று மேல். நான்கையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். மூன்று போட்டு, ஒரு நாள் பம்ப் ஓடிய பிறகு அளந்து பார்த்து நான்காவதைத் தொடுங்கள். குறைந்தால் சேர்த்துக்கொள்ளலாம். கூடிவிட்டால் தண்ணியை வெளியேற்றுவதைத் தவிர வழியில்லை. நொய்யலோரம், குறிப்பாக ஒரத்துப்பாளையம் அணை வட்டாரக் கிணறுகளில், சாயக் கழிவு கொண்டுவந்த உப்பு நிஜமாகவே கலந்திருக்கிறது. அங்கே ஒரு மூட்டையைத் தொடும் முன் தண்ணியை அளந்தே ஆக வேண்டும்.

தூத்துக்குடி கல்லுப்பு மலிவுதான். ஆனால் கழுவாத கல்லுப்பில் மண்ணும் மெக்னீசியமும் வரும், சில சமயம் இரும்பும் வரும். இரும்பு டைல் இடுக்கில் பழுப்புக் கறையாக நிற்கும். சுத்திகரித்த, அயோடின் சேர்க்காத தூள் உப்பு சிறந்தது. உப்பைக் கொட்டும்போது செல்லை அணைத்துவிட்டுப் பம்பை மட்டும் ஓட்டுங்கள். மேல்தண்ணியை இழுக்கும் ஸ்கிம்மருக்குள் போடக் கூடாது. ஓரமாகத் தூவி, பிரஷ்ஷால் தள்ளி, 24 மணி நேரம் கழித்துச் செல்லைப் போடுங்கள். புதிதாகப் பூச்சு வேலை முடிந்த பூலுக்கு 28 நாள் ஆகும்வரை உப்பே வேண்டாம்.

உப்பு ஆவியாகாது. பேக்வாஷில் (ஃபில்டருக்குள் தண்ணியைத் திருப்பி விட்டுக் கழுவும்போது) போகும், வழிந்து போகும், ஒழுகிப் போகும். 100 மில்லிமீட்டர் மழை பெய்து பூல் வழிந்தால் சுமார் 17 கிலோ உப்பு போயிருக்கும். மழையே இல்லாமல் மாதம் ஒரு மூட்டை கேட்டால் பைப்பில் ஒழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். பேக்வாஷ் தண்ணியை வாழைக்கும் காய்கறிக்கும் விடாதீர்கள். மழைநீர் சேகரிப்புக் குழியில் விட்டால் உங்கள் போரே கெடும்.

கால்சியம்: கருவியின் மெய்யான எதிரி

செல் ஓடும்போது நெகட்டிவ் ப்ளேட்டை ஒட்டி பி.எச். மிகவும் ஏறுகிறது. கரைந்திருந்த கால்சியம் அங்கே வெள்ளையாகப் படிந்து, இரண்டு ப்ளேட்டுக்கு நடுவில் பாலம் கட்டிவிடுகிறது. இதைத் தடுக்கவே கருவி சில மணிக்கொருமுறை பிளஸ், மைனஸை மாற்றுகிறது. "தானே சுத்தம் செய்யும் செல்" என்று விற்பது இதைத்தான். 250 பிபிஎம் தண்ணியில் அந்த வாக்கு நிற்கும். 700 பிபிஎம் தண்ணியில் நிற்காது. மாற்றும் இடைவெளியை அமைக்கும் வசதி இருந்தால், கடினமான தண்ணிக்கு 3 அல்லது 4 மணி வையுங்கள். அதற்கும் கீழே போனால் ப்ளேட் பூச்சு சீக்கிரம் தேயும்.

நிரப்பும்போது அளந்த எண் அப்படியே நிற்கும் என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றும், அதற்கு முந்தைய மாதங்களின் வெயிலும் சேர்ந்து, தினம் 5 மில்லிமீட்டர் தண்ணியைச் சுலபமாக இழுத்துவிடும். 50 சதுர மீட்டர் பரப்புக்கு அது 250 லிட்டர். போகிற தண்ணி கால்சியத்தை விட்டுவிட்டுப் போகிறது. ஈடுகட்ட விடும் 600 பிபிஎம் போர் தண்ணி தினம் 150 கிராம் புதிதாகக் கொண்டுவருகிறது. நாளைக்கு 2.5 பிபிஎம், நூறு நாளில் 250. ஆற்றுத் தண்ணியில் 150ல் தொடங்கிய பூல்கூட, போர் தண்ணியால் ஈடுகட்டினால் ஒரு கோடையில் 400ஐத் தொடுவது இப்படித்தான். லாரித் தண்ணி என்றால் ஒவ்வொரு லோடும் வேறு கிணறாக இருக்கலாம். இறக்கும் முன் ஒரு பாட்டிலில் பிடித்து அளந்துவிடுங்கள்.

வழி உண்டு. ஈடுகட்டும் தண்ணிக்கு மட்டும் சாஃப்ட்னர் வைத்தால் போதும். 25 லிட்டர் ரெசின் உள்ள வீட்டு சாஃப்ட்னர் இந்த 150 கிராமைச் சுமார் எட்டு நாள் தாங்கும், பிறகு உப்புக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். மழைத் தண்ணி அதைவிட உயர்ந்தது, கால்சியம் இல்லை என்றே சொல்லலாம். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி 40 மில்லிமீட்டர் பெய்தால் 150 சதுர மீட்டர் மொட்டை மாடியிலிருந்து 6,000 லிட்டர் வரும், பூலில் பத்தில் ஒரு பங்கு. முதல் மழையைத் தள்ளிவிட்டு, மணல் ஃபில்டர் வழியாக விடுங்கள்.

அடுத்தது பி.எச். செல்லில் கிளம்பும் ஹைட்ரஜன் குமிழிகள் தண்ணியில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுவதால் பி.எச். தானாக ஏறிக்கொண்டே இருக்கும். எந்த மாடலுக்கும் இது பொது. கருவி கோளாறு என்று சர்வீஸுக்குக் கூப்பிட வேண்டாம். 7.4 முதல் 7.6க்குள் பிடித்து வையுங்கள், 7.8ஐத் தாண்ட விடாதீர்கள். ஆல்கலினிட்டியை (ஆசிட்டைத் தாங்கும் தண்ணியின் திறன்) 60 முதல் 80 பிபிஎம்முக்கு இறக்கினால் ஏறும் வேகம் குறையும். நம் போர் தண்ணியில் அது 300, 400 என்று வருவது சாதாரணம். 32 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 1.2 லிட்டர், இந்தப் பூலின் ஆல்கலினிட்டியை 10 பிபிஎம் இறக்கும். ஒரே நாளில் இறக்காதீர்கள். ஒரு வேளைக்கு அரை லிட்டர், ஆழமான பக்கம், பம்ப் ஓடும்போது மெதுவாக ஊற்றி, நான்கு மணி நேரம் கழித்து அளந்துவிட்டு அடுத்தது.

விளக்கு எரிந்தால் என்ன பார்ப்பது

"உப்பு குறைவு" விளக்கு எரிந்ததும் மூட்டையைப் பிரிப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. பெரும்பாலும் கருவி உப்பை நேரடியாக அளப்பதில்லை. செல் வழியே எவ்வளவு கரண்ட் போகிறது என்பதை வைத்துக் கணிக்கிறது. ப்ளேட்டில் சுண்ணாம்பு படிந்தாலும், பூச்சு தேய்ந்தாலும், கனெக்டர் பச்சை பூத்தாலும், வோல்டேஜ் இறங்கினாலும் அதே விளக்குதான் எரியும். வால்பாறை மாதிரி மலைமேல் மார்கழிக் குளிரில் தண்ணி சில்லிட்டாலும் எரியும். முதலில் தனி மீட்டராலோ, சில்வர் நைட்ரேட் சொட்டு டெஸ்ட்டாலோ உப்பை அளங்கள். எண் சரியாக இருந்தால் உப்புப் பக்கமே போக வேண்டாம்.

அடுத்து செல்லைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் படிவு இருந்தால் கழுவுங்கள். சுத்தமாக இருந்தால் கனெக்டரைத் துடைத்து மாட்டி, டி.சி. கிளாம்ப் மீட்டரால் கரண்டை அளந்து புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். உப்பு சரி, ப்ளேட் சுத்தம், வோல்டேஜ் சரி, ஆனாலும் கரண்ட் ஏறவில்லை என்றால் பூச்சு தேய்ந்துவிட்டது. செல்லை மாற்ற வேண்டியதுதான். அதற்கு மேல் ஆசிட் ஊற்றிப் பிரயோஜனமில்லை.

"ஓட்டம் இல்லை" விளக்குக்கு முதல் காரணம் ஃபில்டர் அடைப்பு. பேக்வாஷ் பண்ணுங்கள், பம்ப் கூடையைப் பாருங்கள், தென்னம்பூவும் சருகும் அடைத்திருக்கும். அதற்கும் அணையாவிட்டால், தண்ணி ஓடுகிறதா என்று பார்க்கும் ஃப்ளோ ஸ்விட்ச்சின் அம்புக்குறி தண்ணி போகும் திசையில் இருக்கிறதா, உள்ளே இருக்கும் துடுப்பு சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். சில எலக்ட்ரீஷியன்கள் ஸ்விட்ச்சை ஷார்ட் பண்ணி "ஓடுது பாருங்க" என்று காட்டுவார்கள். இதை எந்தக் காரணத்துக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். தண்ணி ஓடாமல் செல் ஓடினால் ஹைட்ரஜன் வெளியேற வழியில்லாமல் சேரும், செல் வெடிக்கவும் கூடும். பம்ப் நின்றால் கருவிக்கும் கரண்ட் நிற்கும்படி பம்ப் கான்டாக்டரிலிருந்தே சப்ளை எடுத்திருக்க வேண்டும்.

எல்லா விளக்கும் பச்சை, பூலில் குளோரின் மட்டும் இல்லை என்றால்? சயனூரிக்கை அளங்கள். பிறகு சூரியன் மறைந்ததும் செல்லை அணைத்துவிட்டுக் குளோரினை ஒரு முறை அளந்து, விடியும் முன் இன்னொரு முறை அளங்கள். ராத்திரியில் 1 பிபிஎம்முக்கு மேல் இறங்கினால் தண்ணியில் பாசி தொடங்கிவிட்டது, செல்லால் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. 10 சதவீத ஹைப்போ (திரவமாக வரும் சோடியம் ஹைப்போகுளோரைட்) 6 லிட்டர் ஊற்றினால் 10 பிபிஎம் ஏறும். பிரஷ் போட்டு, ராத்திரி இறக்கம் நிற்கும்வரை அப்படியே பிடித்து வைத்துவிட்டுச் செல்லுக்குத் திரும்புங்கள். விசேஷத்துக்கு முப்பது பேர் இறங்கும் நாளிலும் ஹைப்போவை நம்புங்கள். செல்லை முழு அளவில் ஓட்டும் "சூப்பர்" பட்டன் 24 மணி நேரம் ஓடினால்தான் அதே 10 பிபிஎம் வரும்.

செல் கழுவுதல்

கரண்டை அணையுங்கள், வால்வை மூடுங்கள், செல்லைக் கழற்றுங்கள். முதலில் ஹோஸ் தண்ணியை வேகமாக அடித்துப் பாருங்கள், பாதி அதிலேயே போகும். ஒட்டியிருப்பதற்கு 1 லிட்டர் தண்ணி எடுத்து அதில் 200 மில்லி ஆசிட்டை ஊற்றுங்கள். தண்ணிக்குள்தான் ஆசிட், ஆசிட்டுக்குள் தண்ணி அல்ல. செல்லின் ஒரு வாயை மூடி, நிமிர்த்தி, ப்ளேட் முங்கும்வரை ஊற்றுங்கள், டெர்மினல் நனையக் கூடாது. நுரை நின்றதும் எடுத்துவிடுங்கள். 10 முதல் 15 நிமிடம் போதும், அரை மணியைத் தாண்டக் கூடாது. ஸ்க்ரூ டிரைவர், கம்பி பிரஷ் எதுவும் ப்ளேட் பக்கம் வரவே கூடாது. ஒவ்வொரு கழுவலும் பூச்சைக் கொஞ்சம் தின்கிறது, அதனால் படிவு இல்லாத செல்லை மாதம் தவறாமல் கழுவுவது நல்ல பழக்கம் இல்லை. மாதமொரு முறை பாருங்கள், தேவைப்பட்டால் கழுவுங்கள். வருடத்தில் நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால் கோளாறு தண்ணியில்தான். கழுவிய ஆசிட்டில் சோடா ஆஷ் போட்டு நுரை அடங்கிய பிறகு கொட்டுங்கள்.

கன்ட்ரோலர் பெட்டி

போர்டு போவதற்கு உப்பைவிடப் பம்ப் ரூம்தான் காரணம். ஆசிட் கேனை அதே ரூமில் வைத்தால், மூடியிருந்தாலும் வரும் புகை ஆறு மாதத்தில் செம்புக் கோடுகளைப் பச்சையாக்கிவிடும். ஆசிட்டும் ஹைப்போவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஒழுகிக் கலந்தால் விஷ வாயு. இரண்டையும் தனித்தனியாக, வெளியே, நிழலில் வையுங்கள். மேற்குப் பார்த்த சுவரில் பெட்டியை மாட்டினால் மத்தியானம் சூடேறித் தானே அணையும். கேபிள் நுழையும் ஓட்டையை கிளாண்ட் போட்டு அடையுங்கள், பல்லியும் எறும்பும் புகுந்து ரிலேயை நாசம் பண்ணுவது இங்கே வெகு சகஜம்.

கன்ட்ரோலர் டிரான்ஸ்ஃபார்மர் வகையா, எஸ்.எம்.பி.எஸ். (எலக்ட்ரானிக் பவர் சப்ளை) வகையா என்று கேட்டு வாங்குங்கள். தோட்டத்து லைனில் வோல்டேஜ் 190க்கு இறங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் வகையில் குளோரினும் இறங்கும், ஆனால் ஸ்டெபிலைசர் வைத்தால் தீர்ந்தது. பழுதானால் கோயமுத்தூரில் தெருவுக்கொரு வைண்டிங் கடை இருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். வகை குறைந்த வோல்டேஜைத் தாங்கும், இடி மின்னலைத் தாங்காது. போனால் போர்டையே மாற்ற வேண்டும். தோட்டத்துக்கு என் ஓட்டு டிரான்ஸ்ஃபார்மர் வகைக்கே. எதுவானாலும் கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் நல்ல எர்த்தும் கட்டாயம்.

பூலைச் சுற்றி இருப்பதில், 304 ஸ்டீல் ஏணி துருப் புள்ளி வைக்கும், 316 வாங்குங்கள். டைல் இடுக்குக்கு எபாக்சி கிரவுட். மென்மையான மணற்கல்லை ஓரத்தில் பதித்திருந்தால் உப்பு அதை உதிர்க்கும், வாரமொரு முறை நல்ல தண்ணியால் கழுவிவிடுங்கள்.

வாங்கும் கடையில் விலையைப் பேசும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். செல் மட்டும் தனியாக இங்கே ஸ்டாக்கில் கிடைக்குமா, அதன் இன்றைய விலை என்ன? செல்லுக்கான வாரண்டி மணிக்கணக்கிலா, வருடக்கணக்கிலா? கால்சியம் எத்தனை பிபிஎம்முக்கு மேல் போனால் வாரண்டி செல்லாது? மூன்றாவதற்குப் பதில் தெரியாத கடை, தண்ணியை அளக்காமலே கருவியை மாட்டிவிட்டுப் போகும். ஒரு பாட்டிலில் உங்கள் போர் தண்ணியை எடுத்துக்கொண்டே போங்கள். அதை வாங்கி முதலில் டெஸ்ட் பண்ணிப் பார்க்கிற கடையில் வாங்குங்கள்.